பயோடைவர்சிட்டி: பொருள் என்ன, வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

சுற்றுச்சூழல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால், கற்றுக்கொள்கிறவர்களில் பலர் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு: 'தேர் ஆர் மெனி பயோடைவர்சிட்டீஸ் இன் திஸ் ஃபாரஸ்ட்.' இந்தக் காட்டில் நிறைய உயிரினங்கள் இருக்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை, 'ஆர்' பன்மையோடு சரியாகத்தான் நிற்கிறது, ஆனாலும் வாக்கியம் தவறு. ஏன் என்று கேட்டால் 'அந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது' என்று பதில் வரும். சரியான பதில்தான், ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் இரண்டு வரி தள்ளி வேறு ஒரு இடத்தில் கால் தடுக்கும். 'பிக் பயோடைவர்சிட்டி' என்று எழுதுவோம், 'எண்டேஞ்சர்டு பயோடைவர்சிட்டி' என்று எழுதுவோம், அப்புறம் அதற்கும் ஒவ்வொரு விதியாகத் தேடிக்கொண்டிருப்போம்.

இத்தனைக்கும் காரணம் இலக்கணம் தெரியாதது இல்லை. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதில்தான் சின்னதாக ஒரு குழப்பம் இருக்கிறது. பயோடைவர்சிட்டி என்பது உயிரினங்களைக் குறிக்கும் சொல் இல்லை. உயிரினங்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாட்டை, அந்த வேறுபாடு எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல். யானை, புலி, ஆலமரம், காளான் எல்லாம் உயிரினங்கள். அவை ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றனவே, அந்த 'வேறாக இருத்தல்'தான் பயோடைவர்சிட்டி.

இதை மனதில் ஏற்ற ஒரு எளிய வழி, அதை 'உயரம்' மாதிரி ஒரு சொல்லாக நினைத்துக்கொள்வது. மலை ஒரு பொருள், உயரம் அந்த மலைக்கு இருக்கும் ஒரு பண்பு. 'இந்த மலையில் நிறைய உயரங்கள் இருக்கின்றன' என்று யாரும் சொல்வதில்லை, 'மலை உயரமானது' என்கிறோம், 'உயரம் அதிகம்' என்கிறோம், 'உயரம் குறைந்துவிட்டது' என்கிறோம். காடு ஒரு பொருள், பயோடைவர்சிட்டி அந்தக் காட்டுக்கு இருக்கும் ஒரு பண்பு. அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கலாம், தேய்ந்துபோகலாம். ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் முடியாது.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழிலேயே ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் வழக்கமாகச் சொல்வது பல்லுயிர். அழகான, பழைய சொல், அறநூல்களிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் மனதில் வருவது 'பல உயிர்கள்'. உயிர்களை எண்ணலாமே, அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது கூடவே பன்மையும் போய்விடுகிறது. இன்னொன்று பல்லுயிர்ப் பெருக்கம். செய்தித்தாள்களில் அதிகம் புழங்குவது இதுதான், இதில் சிக்கல் இன்னும் கூடுதல். பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவது, மக்கள்தொகைப் பெருக்கம் மாதிரி. ஒரே வகை எலி லட்சக்கணக்கில் பெருகினால் அதுவும் பெருக்கம்தான், ஆனால் அங்கே பயோடைவர்சிட்டி கூடவில்லை. பல்வகைமை, பன்மயம் என்ற சொற்கள் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. உயிரியல் பல்வகைமை என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறது. எந்தத் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினாலும் பரவாயில்லை, ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது மட்டும் மனதில் 'பல்வகைமை' இருக்கட்டும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் இதுதான் தெரியும். முன்பாதி 'பயோ', உயிர் அல்லது வாழ்வு என்ற பொருள்கொண்ட 'பியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பயாலஜி, பயோகிராஃபி, ஆன்டிபயாடிக் எல்லாவற்றிலும் இருப்பது இதே வேர். பின்பாதி 'டைவர்சிட்டி' லத்தீனிலிருந்து வந்தது, அதன் அடியில் 'திருப்புதல்' என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பது, அதாவது வேறு வேறாக இருப்பது. வண்டியை வேறு பாதைக்குத் திருப்பிவிடுவதை 'டைவர்ட்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தமிழைப் போலவே ஆங்கிலத்திலும் இப்படிச் சேர்த்துக் கட்டிய சொல்லில் தலைமை பின்பாதிக்குத்தான். எனவே இது டைவர்சிட்டியில் ஒரு வகை. உயிர் என்பது அடைமொழி.

எழுதும்போது ஒரே சொல்லாக எழுதவேண்டும், நடுவில் இடைவெளியோ சிறு கோடோ வேண்டாம். கடைசிப் பகுதி காதுக்கு 'சிட்டி' என்று கேட்பதால் நகரத்துக்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கே வருவது சி அல்ல, எஸ். உச்சரிப்பில் அழுத்தம் 'வர்' மீது விழும்: பயோடைவர்சிட்டி என்று சொல்லும்போது குரல் அந்த இடத்தில் எழவேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நடு அசை பெரும்பாலும் 'டை', அமெரிக்கர்கள் பலர் அதைக் குறுக்கி 'டி' என்பார்கள். இரண்டும் சரி.

இந்தச் சொல் ரொம்பப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. முதலில் இருந்தது 'பயலாஜிக்கல் டைவர்சிட்டி' என்ற இரட்டைச் சொல். ரேமண்ட் டாஸ்மன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968இல் அதைப் பயன்படுத்தினார், 1980இல் தாமஸ் லவ்ஜாய் என்ற இன்னொரு உயிரியலாளர் எழுதியதற்குப் பிறகு அறிவியல் உலகில் அது பரவலானது. 1985இல், அடுத்த ஆண்டு வாஷிங்டனில் நடக்கவிருந்த ஒரு பெரிய கூட்டத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த வால்டர் ரோசன், பயலாஜிக்கலில் இருந்த 'லாஜிக்கல்' பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார். பயோடைவர்சிட்டி பிறந்தது அப்படித்தான். 1986 செப்டம்பரில் அந்தக் கூட்டம் நடந்தது, அதன் கட்டுரைகளை எட்வர்ட் ஓ. வில்சன் என்ற உயிரியலாளர் தொகுத்து 1988இல் நூலாகக் கொண்டுவந்தபோது அதற்குத் தலைப்பே இந்த ஒரு சொல்தான். வில்சனுக்கு முதலில் இந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை, விளம்பரச் சொல் மாதிரி இருக்கிறது என்று தயங்கினார். கடைசியில் அவர் பெயரோடுதான் அது உலகம் முழுக்கச் சுற்றியது.

நீளமான வடிவம் மறைந்துவிடவில்லை, சட்டங்களிலும் அதிகாரபூர்வப் பெயர்களிலும் அது இன்றும் இருக்கிறது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கிய உடன்படிக்கையின் பெயர் 'கன்வென்ஷன் ஆன் பயலாஜிக்கல் டைவர்சிட்டி'. ஒவ்வொரு ஆண்டும் மே 22 அன்று ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடிக்கும் நாளின் பெயரிலும் நீளமான வடிவம்தான். ஆனால் 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட திட்டத்தின் பெயரில் பயோடைவர்சிட்டி என்றே வைத்துவிட்டார்கள். 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று பேசப்படுகிறதே, அது அந்தத் திட்டத்தில் உள்ள ஒரு இலக்கு. நீங்கள் கட்டுரை எழுதும்போது சுருக்கமான வடிவமே போதும், பெயர்களை மட்டும் அவை இருக்கிறபடி எழுதுங்கள்.

அந்த 1992 உடன்படிக்கையில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. ஆங்கிலம் கற்கிறவர்கள் அதன் முதல் சொல்லைக் கவனிக்கவேண்டும். 'வேரியபிலிட்டி' என்று தொடங்குகிறது, வேறுபட்டிருக்கும் தன்மை. எண்ணிக்கை என்று தொடங்கவில்லை. நிலம், கடல், மற்ற நீர்நிலைகள் என எங்கே வாழும் உயிர்களானாலும் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு என்று சொல்லிவிட்டு, அந்த வேறுபாடு மூன்று இடங்களில் இருப்பதாகப் பிரிக்கிறது: ஒரே இனத்துக்குள், இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே, அப்புறம் சூழல் அமைப்புகளுக்கு நடுவே.

நடுவில் உள்ளதை எல்லோரும் உடனே புரிந்துகொள்வார்கள். எத்தனை வகைப் பறவை, எத்தனை வகை மரம் என்பதுதான் அது. ஆனால் அதிலும்கூட வகைகளை எண்ணுவது மட்டும் போதாது, கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரண்டு தோப்புகள், ஒவ்வொன்றிலும் 100 மரங்கள், இரண்டிலும் 5 இனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தோப்பில் ஒரே இனம் 96 மரம், மற்ற நான்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது தோப்பில் ஐந்தும் தலா 20. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய் ஏதாவது இரண்டு மரங்களைத் தொடுங்கள். அவை வேறு வேறு இனமாக இருக்க முதல் தோப்பில் 100க்கு 8 வாய்ப்புதான், இரண்டாவதில் 100க்கு 81. இனங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, நின்று சுற்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. இப்படி அளக்கும் முறையை எட்வர்ட் சிம்ப்சன் என்ற புள்ளியியலாளர் 1949இல் எழுதினார், இன்றும் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. எத்தனை இனம் என்பதை ஆங்கிலத்தில் 'ஸ்பீஷீஸ் ரிச்னஸ்' என்பார்கள், எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதை 'ஈவன்னஸ்' என்பார்கள். பயோடைவர்சிட்டி என்று சொல்லும்போது இரண்டுமே உள்ளே இருக்கின்றன.

ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு, அதாவது மரபணு அளவில் இருப்பது, கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் விட்டுவிடும் பகுதி. அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தை விடத் தெளிவான பாடம் கிடைப்பது கஷ்டம். 1840களில் அங்கே ஏழைகளில் பெரும்பகுதியினர் உருளைக்கிழங்கை நம்பித்தான் வாழ்ந்தார்கள், அதிலும் லம்பர் என்ற ஒரே ரகம்தான் அதிகம். உருளைக்கிழங்கை விதையிலிருந்து வளர்ப்பதில்லை, கிழங்கையே வெட்டி நடுகிறார்கள், எனவே வயலில் நிற்கும் செடிகள் எல்லாம் ஒன்றின் நகல். 1845இல் கருகல் நோய் வந்தபோது ஒரு செடியை வீழ்த்த முடிந்த கிருமியால் அத்தனையையும் வீழ்த்த முடிந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். பஞ்சத்தின் கொடுமைக்கு அன்றைய ஆட்சியின் முடிவுகளும் காரணம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் வயலில் வேறுபாடு இருந்திருந்தால், நோயைத் தாங்கும் சில ரகங்களாவது நின்றிருந்தால், எல்லாம் ஒன்றாகச் சாய்ந்திருக்காது. அந்த வயல்களில் செடிகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதைக் கவனியுங்கள். குறைவாக இருந்தது வேறுபாடு மட்டும்தான். வாழைப்பழத்திலும் இதே கதை நடந்தது, உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் ரகத்தை ஒரு மண்பூஞ்சை அழித்து, 1960களுக்குள் கேவென்டிஷ் ரகம் அந்த இடத்துக்கு வந்தது. அதுவும் நகல் செடிதான், அதற்கும் இப்போது அந்தப் பூஞ்சையின் இன்னொரு வகை வந்திருக்கிறது.

மூன்றாவது, சூழல் அமைப்புகளின் வேறுபாடு. ஒரு நிலப்பரப்பில் காடும் புல்வெளியும் சதுப்பும் ஆறும் இருந்தால், காடு மட்டும் இருக்கும் நிலப்பரப்பைவிட அங்கே பயோடைவர்சிட்டி அதிகம். இது புரிந்தால், பச்சையாக இருப்பதெல்லாம் பயோடைவர்சிட்டி இல்லை என்பதும் புரியும். இயற்கையான புல்வெளியைத் தரிசு என்று நினைத்து ஒரே இன மரங்களை வரிசையாக நட்டால் தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரி இருக்கும். ஆனால் புல்லில் முட்டையிடும் பறவை, வெயில் வேண்டும் பூச்செடி, அந்தப் பூவை நம்பிய பூச்சி எல்லாம் போய்விடும். இந்த மாதிரித் தோட்டங்களை ஆங்கிலத்தில் சிலர் 'கிரீன் டெசர்ட்', பச்சைப் பாலைவனம் என்பார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி அது, ஏனென்றால் நட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நட்டிருப்பார்கள்.

சரி, வாக்கியங்களுக்கு வருவோம். பண்பைக் குறிக்கும் சொல் என்பதால் அதனோடு 'ஹை', 'லோ', 'ரிச்', 'கிரேட்' எல்லாம் சேரும், 'மெனி' சேராது, 'பிக்', 'லார்ஜ்' காதுக்கு ஒட்டாது. 'தி ஃபாரஸ்ட் இஸ் ரிச் இன் பயோடைவர்சிட்டி' என்பது நூற்றுக்கு நூறு இயல்பான வாக்கியம். 'தி ஃபாரஸ்ட் ஹேஸ் ஹை பயோடைவர்சிட்டி' என்பதும் அப்படியே. 'ரிச்' வந்தால் பின்னால் 'இன்' வரும், 'ஆஃப்' வராது, 'ரிச் வித்' என்றும் எழுதக்கூடாது. எந்த இடத்தின் பல்வகைமை என்று சொல்லும்போது 'தி பயோடைவர்சிட்டி ஆஃப் தி அமேசான்' என்று முன்னால் 'தி' வரும், ஏனென்றால் எது என்று குறிப்பிட்டுவிட்டோம். பொதுவாகப் பேசும்போது 'தி' வேண்டாம்: 'பயோடைவர்சிட்டி இஸ் டிக்ளைனிங்', பல்வகைமை குறைந்துவருகிறது. இந்த 'தி' விஷயத்தில் தமிழர்கள் எல்லோருமே தடுமாறுவோம், நம் மொழியில் அப்படி ஒன்று இல்லாததால். சந்தேகம் வந்தால் 'எந்த' என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் காட்டின், எந்தக் கடலின் என்ற கேள்விக்கு அதே இடத்தில் 'ஆஃப்' போட்டுப் பதில் இருந்தால் 'தி' போடலாம்.

வினைச்சொற்களில் 'கன்சர்வ்', 'புரொடெக்ட்', 'ரெஸ்டோர்' மூன்றும் அடிக்கடி வரும். பேணிக் காப்பது, ஆபத்திலிருந்து காப்பது, இழந்ததை மீட்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் இருக்கிறது. 'சேவ் பயோடைவர்சிட்டி' பதாகைகளில் இருக்கும், கட்டுரையில் எழுதினாலும் தவறில்லை. குறைவதைச் சொல்ல 'பயோடைவர்சிட்டி லாஸ்' அல்லது 'லாஸ் ஆஃப் பயோடைவர்சிட்டி', இரண்டில் முதலாவது அறிவியல் எழுத்திலும் செய்திகளிலும் ஒரே மூச்சில் வரும் வழக்கு. எதனால் குறைகிறது என்பதற்கு 'திரெட்ஸ் டு பயோடைவர்சிட்டி', இங்கே 'டு' தான், 'ஃபார்' அல்ல.

'எண்டேஞ்சர்டு பயோடைவர்சிட்டி' ஏன் ஒட்டவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். அழியும் நிலையில் இருப்பது ஒரு இனம், பண்பு அல்ல. 'எண்டேஞ்சர்டு ஸ்பீஷீஸ்' என்று சொல்லுங்கள், பயோடைவர்சிட்டிக்கு 'அண்டர் திரெட்' என்று சொல்லுங்கள். அதேபோல 'எக்ஸ்டிங்க்ட்' ஆவதும் இனம்தான். கடைசிப் பயணிப் புறா, மார்த்தா என்று பெயர், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது, அந்த இனம் அன்றோடு 'எக்ஸ்டிங்க்ட்'. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கோடிக்கணக்கில் பறந்த கூட்டங்கள் சுட்டுத் தள்ளப்பட்டுச் சில நூறாகச் சுருங்கியபோதே, அந்த இனத்துக்குள் இருந்த வேறுபாடு குறையத் தொடங்கியிருக்கும். எந்த இனமும் முழுதாக அழியாமலேயே பயோடைவர்சிட்டி லாஸ் நடக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன், இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறவர்கள் அதிகம்.

ஸ்பீஷீஸ் என்று சொன்னதும் இன்னொரு பொறி நினைவுக்கு வருகிறது. பாடநூல்களில் சிற்றினம் என்று வரும் சொல் இது. கடைசியில் எஸ் இருப்பதால் பன்மை என்று நினைத்து, ஒருமைக்கு எஸ்ஸை எடுத்துவிட்டு 'ஸ்பீஷீ' என்று எழுதிவிடுகிறார்கள். ஒருமைக்கும் பன்மைக்கும் ஸ்பீஷீஸ்தான்: 'ஒன் ஸ்பீஷீஸ்', 'டூ ஸ்பீஷீஸ்'. எஸ் இல்லாத சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குப் பொருள் உலோக நாணயம்! எண்ணிச் சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் இந்த ஸ்பீஷீஸ்தான் உங்களுக்குத் துணை. ஆகவே முதலில் பார்த்த வாக்கியத்தை 'தேர் ஆர் மெனி ஸ்பீஷீஸ் இன் திஸ் ஃபாரஸ்ட்' என்று மாற்றினாலே போதும், அவர்கள் சொல்ல வந்தது அதுதான்.

'வைல்ட்லைஃப்' என்ற சொல்லோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வைல்ட்லைஃப் என்றால் பேச்சு வழக்கில் பெரும்பாலும் காட்டு விலங்குகள், பறவைகள். பயோடைவர்சிட்டியில் பாலூட்டிகள் ஒரு மூலை மட்டுமே. இதுவரை பெயர் வைக்கப்பட்ட பாலூட்டி இனங்கள் சுமார் 6,500, பறவைகள் சுமார் 11,000, வண்டுகளோ கிட்டத்தட்ட 4 லட்சம். புலியின் படத்தைப் போட்டு பயோடைவர்சிட்டி என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் வண்டின் படத்தைப் போட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும். பாசி, பூஞ்சை, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர், வயலில் மனிதன் வளர்க்கும் பயிர் ரகங்கள், மேய்க்கும் கால்நடை இனங்கள் எல்லாமே இதில் அடக்கம். 'ஈகோசிஸ்டம்' வேறு, அது உயிர்களும் மண்ணும் நீரும் சேர்ந்து இயங்கும் ஒரு அமைப்பு, எண்ணக்கூடிய சொல், பன்மை உண்டு. பயோடைவர்சிட்டி அந்த அமைப்புக்கு இருக்கும் பண்பு.

'ஹாட்ஸ்பாட்' பற்றி ஒரு வார்த்தை. பயோடைவர்சிட்டி ஹாட்ஸ்பாட் என்றால் உயிர்வளம் கொழிக்கும் இடம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள், பாதிதான் சரி. நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர் 1988இல் கொண்டுவந்த கருத்து இது. பின்னர் வகுத்த அளவுகோலின்படி வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்கவேண்டும், அதோடு அந்த இடத்தின் இயற்கைத் தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது ஏற்கெனவே அழிந்திருக்கவேண்டும். வளமும் இருக்கவேண்டும், பறிபோயும் இருக்கவேண்டும். இன்று உலகில் 36 இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மடகாஸ்கர் அவற்றில் ஒன்று. எனவே இந்தச் சொல்லைப் பெருமையாக மட்டும் எழுதினால் அதற்குள் இருக்கும் எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது. வேறெங்கும் இல்லாத என்பதற்கு ஆங்கிலத்தில் 'எண்டெமிக்'. மடகாஸ்கரின் லெமூர்கள் எண்டெமிக், இயற்கையாக வேறு எங்கும் கிடையாது. 'நேட்டிவ்' என்றால் அந்த இடத்துக்கு உரியது, ஆனால் வேறு இடங்களிலும் இயற்கையாக இருக்கலாம்.

வெளியிலிருந்து வந்து பரவி அழிவு செய்யும் இனத்தை 'இன்வேசிவ்' என்பார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் ஏரியில் ஒரு இனம் கூடியது. ஆனால் 1980களுக்குள் அது பெருகி, அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த சிறிய சிக்லிட் மீன்களில் ஏறக்குறைய 200 இனங்கள் காணாமல் போயின. ஏரியில் மாசு கூடியதும் அதற்கு உதவியது. மீனின் எடையைப் போட்டுப் பார்த்தால் ஏரியில் மீன் அதிகம், பிடிப்பும் அதிகம். வேறுபாடு மட்டும் சரிந்துவிட்டது. இதை ஆங்கிலத்தில் எழுத ஒரு வாக்கியம்: 'தி நைல் பெர்ச் ரெட்யூஸ்டு தி பயோடைவர்சிட்டி ஆஃப் லேக் விக்டோரியா.' 'ரெட்யூஸ்டு' என்றால் குறைத்தது. ஏரியைக் குறிப்பிட்டதால் 'தி', அப்புறம் 'ஆஃப்', மேலே பார்த்த இரண்டும் இதில் வந்துவிட்டன.

பெயரடை வேண்டுமென்றால் 'பயோடைவர்ஸ்' இருக்கிறது. மேற்கு அமேசானில் ஒரே ஒரு ஹெக்டேரில் 300க்கும் மேற்பட்ட மர இனங்கள் இருக்கும் இடங்கள் உண்டு, அப்படிப்பட்ட காட்டை 'எ ஹைலி பயோடைவர்ஸ் ஃபாரஸ்ட்' என்று எழுதலாம். ஒப்பிட 'மோர் பயோடைவர்ஸ்'. ஆனால் சட்டம், ஆய்வு, கொள்கை போன்றவற்றுக்கு முன்னால் பெயரடை வேண்டாம், பெயர்ச்சொல்லையே வைக்கவேண்டும்: 'பயோடைவர்சிட்டி ரிசர்ச்'. சட்டமோ ஆய்வோ பல்வகைமை கொண்டது அல்ல, பல்வகைமையைப் பற்றியது. மனிதர்களுக்கும் இந்தச் சொல் வராது. ஒரு அலுவலகத்தில் பல மொழி, பல நாட்டு ஆட்கள் இருந்தால் அது வெறும் 'டைவர்சிட்டி', மொழிகளுக்கு 'லிங்குவிஸ்டிக் டைவர்சிட்டி'. 'பயோ' வந்துவிட்டால் உயிரினங்களைப் பற்றிய பேச்சு என்று பொருள்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும்: 'ஹை' என்றால் நல்லது, 'லோ' என்றால் கெட்டது என்று தானாக எழுதிவிடாதீர்கள். துருவப் பகுதியிலும் பாலைவனத்திலும் இயல்பாகவே இனங்கள் குறைவு, அங்கே 'லோ பயோடைவர்சிட்டி' என்பது குறை இல்லை, அந்த இடத்தின் இயல்பு. கவலைப்படவேண்டியது 'லோ'வைப் பார்த்து அல்ல, 'லாஸ்'ஸைப் பார்த்து. முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2019இல் ஐக்கிய நாடுகள் ஆதரவில் இயங்கும் அறிவியல் குழு ஒன்று, சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் அபாயத்தில் இருப்பதாக மதிப்பிட்டது. அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் '10 லட்சம்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஸ்பீஷீஸ்' வரும், பயோடைவர்சிட்டி வராது.

எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் 'வெரைட்டி ஆஃப் லைஃப்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் பயோடைவர்சிட்டியும் நிற்கும். 'வி மஸ்ட் புரொடெக்ட் தி வெரைட்டி ஆஃப் லைஃப்' நிற்கிறது. 'ஐ சா எ வெரைட்டி ஆஃப் லைஃப் சிட்டிங் ஆன் எ ட்ரீ', மரத்தில் ஒரு பல்வகைமை உட்கார்ந்திருந்தது, நிற்கவில்லை, அங்கே உட்கார்ந்திருந்தது ஏதோ ஒரு பறவை. 'எ ரிச் பயோடைவர்சிட்டி' என்று முன்னால் 'எ' போட்டு எழுதியிருப்பதை நல்ல ஆங்கில எழுத்திலேயே பார்ப்பீர்கள், பார்த்துக் குழம்பவேண்டாம். நடுவில் ஒரு பெயரடை வரும்போது மட்டும் ஆங்கிலம் சில பண்புப் பெயர்களுக்கு அப்படி ஒரு சலுகை தருகிறது. பெயரடை இல்லாமல் வெறும் 'எ பயோடைவர்சிட்டி' என்று யாரும் எழுதுவதில்லை.